நவம்பர் ஐந்து வரைக்கும்

அக்டோபர் 7, செவ்வாய்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். காலையில் இரண்டு குடம் பிடிப்பதற்குள் நின்றுவிட்டது. எலெக்ட்ரீஷியன் நாளை வருகிறேன் என்றான்.

ஆபீசில் அதைவிடப் பெரிய கோளாறு காத்திருந்தது. நாங்கள் விநியோகிப்பது டயாலிசிஸ் திரவப் பைகள். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே சிகிச்சை செய்துகொள்வார்கள். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதுப் பையை மாட்ட வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு நான்கு பை. திருச்சி, கரூர், நாகப்பட்டினம் என்று எங்களுக்கு மூன்று குடோன். மூன்றையும் நம்பி அறுபத்துச் சொச்சம் நோயாளிகள்.

இந்த மாதத்துக்கு ஆயிரத்து முந்நூறு பெட்டி ஆர்டர் போட்டிருந்தோம். தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாம். ஐந்நூற்று ஐம்பது பெட்டிதான் அனுப்ப முடியும், அடுத்தது நவம்பர் ஐந்தாம் தேதிவாக்கில் என்று மெயில் வந்தது.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்காமல் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

மேனேஜர் என்றால் ஜெசிந்தா மேடம். முப்பத்திரண்டு வயது. ஜூன் மாதம்தான் ஸ்டாக் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தார். நான் இங்கே இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கென்ன? வேலை நடந்தால் போதும்.

அக்டோபர் 8, புதன்

சரக்கு வந்து இறங்கியது. வழக்கப்படி பிரித்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இதற்குச் சாஃப்ட்வேர் இருக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணைத் தட்டினால் திரையில் மூன்று குடோனும் வரிசையாக வரும். எந்தக் குடோனுக்கு எத்தனை பெட்டி என்று அதுவே நிரப்பிக் கொடுக்கும். கடந்த மூன்று மாதத்தில் எங்கே எவ்வளவு விற்றதோ அதே விகிதம். கீழே பச்சைப் பொத்தான். அழுத்தினால் மூன்று இடத்துக்கும் சீட்டு அச்சாகிவிடும். நான் பல வருஷமாக அழுத்திய பொத்தான்.

இன்று திரையில் வந்தது: திருச்சி 260, கரூர் 220, நாகப்பட்டினம் 70.

மேடம் அழுத்தவில்லை. நாகப்பட்டினம் குடோனில் போன மாதம் எத்தனை நாள் சரக்கு இல்லாமல் இருந்தது என்று கேட்டார். பாதி மாதம் இருக்கும் என்றேன். சரக்கே இல்லாத இடத்தில் விற்பனை எப்படி இருக்கும் என்று கேட்டார். பிறகு திருச்சி கவுன்டரில் போட்ட பில்களின் முகவரிகளை எடுத்துப் பார்த்தார். வேதாரண்யம், தலைஞாயிறு, திருக்குவளை. எல்லாம் நாகப்பட்டினம் பக்கத்து ஊர்கள். அங்கே கிடைக்காததால் ஆட்கள் பஸ் ஏறி இங்கே வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். சாஃப்ட்வேர் அவர்களை எல்லாம் திருச்சிக்காரர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது.

எனக்கு அந்த முகங்கள் தெரியும். மூன்று பெட்டிகளைத் துணிக்கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போன ஓர் அம்மாவுக்கு நானே ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

"அப்ப நாகப்பட்டினத்துக்கு எவ்வளவு போடலாம், மேடம்?" என்று கேட்டேன்.

"தெரியலையே சார். கேட்டாத்தான் தெரியும்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

அக்டோபர் 9, வியாழன்

அறுபத்து மூன்று வீடுகள். மேடம் மூன்றாகப் பிரித்தார். திருச்சிக்குக் கவுன்டர் ஆட்கள், நாகப்பட்டினம் அவருக்கு, கரூர் மாவட்டம் எனக்கு. கேள்வி மூன்றுதான். வீட்டில் எத்தனை பெட்டி இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றுகிறீர்கள், பெட்டி வந்தால் இறக்கி வைக்க ஆள் இருக்கிறதா. ஒன்றை மட்டும் நாங்களே சொல்ல வேண்டும்: டாக்டரைக் கேட்காமல் யாரும் ஒரு பைகூடக் குறைக்கக் கூடாது.

எனக்கு இது அதிகப்படியாகத்தான் பட்டது. ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன் போடுவதா? சொல்லவில்லை. போட்டேன்.

குளித்தலையில் வேலுச்சாமி என்று ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நல்ல கலகலப்பான குரல். தன்னிடம் இருபது பெட்டி இருப்பதாகவும், மற்றவர்களுக்குப் பார்க்கும்படியும் சொன்னார். இப்படி நாலு பேர் இருந்தால் வேலை சுலபம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டேன்.

மோட்டார் சரியாகவில்லை. உள்ளே காயில் எரிந்துவிட்டதாம்.

அக்டோபர் 10, வெள்ளி

நாள் முழுக்கப் போன். காது கொதிக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

ஞாயிறும் ஆபீஸ் வந்து மேடம் கணக்கை முடித்துவிட்டார். அவர் பெட்டியைப் பங்கு போடவில்லை, நாளைப் பங்கு போட்டிருக்கிறார். வீட்டில் இருப்பதையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் நவம்பர் ஐந்து வரை வருகிற மாதிரி. கையில் நிறைய வைத்திருப்பவருக்கு இப்போது ஒன்றும் இல்லை, இரண்டு நாளைக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு முதல் லாரியில். சாஃப்ட்வேர் போட்ட எண்களை அழித்துவிட்டுக் கையால் அடித்தார். திருச்சி 190, கரூர் 170, நாகப்பட்டினம் 190. அப்படியும் இருபது பெட்டிக்கு மேல் இடித்தது. அதை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

கரூர் குடோன் பொறுப்பாளர் நாச்சிமுத்து உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"மேடம் ஊரு வேதாரண்யம் பக்கமுங்களே. சொந்த ஊருப் பாசம் இருக்கத்தானுங்க செய்யும். அதுக்காகக் கரூர்க்காரன் வயித்துல கைய வெக்கலாமுங்களா?"

மேடம் பட்டியலைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். எனக்கு வந்திருக்கும்.

"அறுபத்து மூணு வீட்டுக் கணக்கும் உங்களுக்கு இப்ப வரும்ண்ணே. உக்காந்து பாருங்க. நாகப்பட்டினத்துல யாருக்காவது ஒரு நாள் கூடுதலா இருந்தா சொல்லுங்க. நானே குறைச்சு உங்களுக்கு அனுப்புறேன்."

நாச்சிமுத்து பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். மேடம் என்னிடம் திரும்பி, தம் சித்தப்பா ஒருவரும் அந்தப் பட்டியலில் இருப்பதாகச் சொன்னார். அந்த ஒரு வீட்டை மட்டும் நான் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டுமாம். கூப்பிட்டேன். மேடம் எழுதியிருந்ததுதான் இருந்தது. அந்தச் சித்தப்பா, அண்ணன் மகளிடம் சொல்லி இரண்டு பெட்டி சேர்த்துப் போடச் சொல்லுங்கள் என்று என்னிடமே கேட்டார். மேடத்திடம் சொன்னேன். சிரித்தார். போடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இடித்த இருபது பெட்டிக்கு வழி பிறந்தது.

கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் ஒரு பெரிய குடும்பம். அம்மாவுக்கு வீட்டில் டயாலிசிஸ். தட்டுப்பாடு வரும் என்று மகன் எப்படியோ மோப்பம் பிடித்து வாங்கிக் குவித்திருக்கிறார். ஓர் அறை நிறையப் பெட்டி என்று நான் போன் செய்த அன்று சமையல்கார அம்மாள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். மகனோ இன்னும் அறுபது பெட்டி வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா மேடம் மகனிடம் பேசவில்லை. நோயாளியிடமே பேசினார். பாவாயம்மாள், எழுபது வயது. மேடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். எத்தனை பேர், எத்தனை பெட்டி, யாரிடம் எவ்வளவு இருக்கிறது. நவம்பர் ஐந்து வரை அவருக்குப் பதினாறு பெட்டி போதும், வீட்டில் நாற்பத்து நாலு இருக்கிறது, இருபத்தைந்து கடனாகக் கொடுத்தால் சரக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருப்பித் தருகிறோம்.

"அத்தனையும் எனக்கு வாங்கி வெச்சதுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். "எனக்கு ஆரும் சொல்லலீங்க கண்ணு. அந்த ரூமுக்கு நான் போறதே இல்ல. இப்பிடி வாங்கி வெக்கப் பையன் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? எடுத்துட்டுப் போகச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டு ஜெசிந்தா மேடம் பட்டியலில் பாவாயம்மாள் பெயருக்கு எதிரே இருபத்தைந்து என்று எழுதினார். இருபத்திரண்டு வருஷத்தில் விற்ற சரக்கை ஒருவரிடம் திருப்பிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கேட்டால் கொடுப்பார்கள் என்றும் தோன்றியதில்லை.

அக்டோபர் 15, புதன்

ஏற்றுமதிக்காரர் முதலாளியைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். உங்கள் மேனேஜர் எங்கள் வீட்டில் பிச்சை கேட்கிறாள் என்று.

மாலையில் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். பொதுவாகக் காபி வரவழைக்க மாட்டார். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் விகிதப்படியே போனால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது, மனிதர் கை வைத்தால்தான் வம்பு என்றார். அது சரிதான். அப்புறம் ஒரு விஷயம் கேட்டார். முழங்கால் வலி இருக்கிறது, இந்த வயதில் அலைச்சல் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி சகுந்தலாவிடம் சொன்னேன். அவள் தோசைக்கல்லை அடுப்பில் சற்றுச் சத்தமாக வைத்தாள். "ஜூன்ல இதே விஷயத்துக்குத்தான நாலு நாள் சாப்பிடாம படுத்திருந்தீங்க?" என்றாள். அது அஜீரணம்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் ஜெசிந்தா என் மேஜைக்கு வந்தார். கையில் கரூர் பட்டியல்.

"நம்பி சார், இந்த வேலுச்சாமி. செப்டம்பர் பதினஞ்சாம் தேதி பன்னெண்டு பெட்டி வாங்கியிருக்கார். அப்புறம் வாங்கவே இல்ல. ஒரு மாசம் கழிச்சு கையில இருபது பெட்டி எப்படி சார் இருக்கும்?"

நானே குறித்த எண். பெட்டிக்கு ஆறு பையாக எழுபத்திரண்டு பை, நாளைக்கு நாலு. பதினெட்டு நாளில் தீர்ந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு. அவர் குரலில் இருந்த கலகலப்பைக் கேட்டு எழுதிக்கொண்டேன், கணக்குப் போடவில்லை.

போன் போட்டோம். எடுக்கவில்லை. நானே போகிறேன் என்றேன். கவுன்டரிலிருந்து நாலு பெட்டியை எடுத்துக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆற்றுப் பக்கத் தெருவில் சின்ன வீடு. மகள் வேலைக்குப் போயிருந்தாள். வேலுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. போனில் அந்தக் குரலில் பேச என்ன பாடுபட்டாரோ. கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பெட்டி ஒன்று, பிரித்த பெட்டியில் இரண்டு பை. நாகப்பட்டினத்தில் தட்டுப்பாடு என்று முந்தின மாதமே காதில் விழுந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு பைதான் போட்டிருக்கிறார். மகளிடமும் சொல்லவில்லை.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"முப்பது வருஷம் கண்டக்டருங்க. சீட்டு இல்லைன்னா யாராவது ஒருத்தர் நின்னுதான் ஆகணும். எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. நிக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

நான் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுப் போனை அவர் காதில் வைத்தேன். இந்தப் பக்கம் வேலுச்சாமி பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. சரிம்மா. இல்லம்மா. சரிம்மா. அப்புறம் சட்டை கேட்டார். காரில் ஏற்றினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

திருச்சி ஆஸ்பத்திரியில் வேலுச்சாமிக்கு நேற்றும் இன்றும் மெஷினில் டயாலிசிஸ் செய்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மகள் வந்துவிட்டாள். அப்பாவைத் திட்டிக்கொண்டே கால் அமுக்கினாள்.

ஜெசிந்தா சாயங்காலம் வந்தார். என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதிதாகப் போட்ட அறுபத்து மூன்று வீட்டுக் கணக்கையும் வேலுச்சாமிக்குக் காட்டினார். யாருக்கும் குறையவில்லை, உங்களுக்கு உள்ள பங்கு இது, இதை நீங்கள் விட்டுக்கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆளே இல்லை என்று விளக்கினார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கடைசியில்தான் சரி என்றார்.

வெளியே வந்ததும் ஜெசிந்தா சுவரில் சாய்ந்து அழுதார். கைக்குட்டையைக் கொடுத்தேன். பிறகு இரண்டு பேரும் ஆபீஸ் போய், தாராளமாக இருக்கிறது என்று சொன்ன எல்லா வீட்டையும் மறுபடி பில்லோடு ஒத்துப் பார்த்தோம். இன்னும் இரண்டு பேர் அப்படிப் பொய் சொல்லியிருந்தார்கள். இரண்டும் நாகப்பட்டினத்தில், ஜெசிந்தா பேசிய வீடுகள். உண்மையிலேயே மிச்சம் வைத்திருந்த வீடுகளில் கடன் கேட்டு அவர்கள் பங்கையும் சரிக்கட்டினோம். நானும் ஏமாந்திருக்கேன் சார் என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல். மோட்டார் ஓடுகிறது. சகுந்தலா அதிரசத்தை ஒரு டப்பாவில் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உங்கள் மேனேஜருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். கிறிஸ்தவப் பெண்தானே என்றேன். அதனால் அதிரசம் தின்னக் கூடாதா என்றாள்.

வேலுச்சாமி நாளை வீட்டுக்குப் போகலாம். வீக்கம் வடிந்திருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

மூன்று நாளாக மழை. நாகப்பட்டினம் பக்கம் பல இடத்தில் சாலையில் தண்ணீர். பாவாயம்மாள் கொடுத்த இருபத்தைந்து பெட்டியும் இன்று கரூரிலிருந்து திருச்சி வந்து, லாரி மாறி வேதாரண்யம் போக வேண்டும். அங்கே நாலு வீட்டில் சனிக்கிழமைக்கு மேல் பை இல்லை. லாரிக்காரர் திருவாரூரைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டார். ஜெசிந்தா பத்துப் பேரிடமாவது பேசியிருப்பார். ஒருவரும் வரவில்லை.

மதியம் வாசலில் வேன் வந்து நின்றது. தார்ப்பாய் போட்டுக் கட்டிய பெட்டிகளோடு நாச்சிமுத்து. அவரே ஓட்டி வந்திருந்தார். லாரி வேண்டாம், நானே வேதாரண்யம் வரைக்கும் போகிறேன் என்றார். ஜெசிந்தா தாமும் கூட வருவதாகச் சொல்லி, செருப்பை மாற்றிக்கொண்டு நின்றார்.

நாச்சிமுத்து தரையைப் பார்த்தபடி, "அந்தக் கணக்கக் கரூர்ப் பக்கம் வீடு வீடாப் போய்ப் பாத்துட்டனுங்க. சரியாத்தான் இருக்குது. அன்னிக்கி நான் பேசுனது தப்புங்க" என்றார்.

"வழி எனக்குத் தெரியும்ண்ணே. கிளம்புவோம். பேசிக்கிட்டே போகலாம்" என்றார் ஜெசிந்தா.

அக்டோபர் 24, வெள்ளி

நாலு வீட்டிலும் பெட்டி இறங்கிவிட்டது. கடைசி வீட்டுக்கு வேன் போகவில்லையாம். இருவரும் முழங்கால் தண்ணீரில் தலையில் சுமந்து போயிருக்கிறார்கள். நாச்சிமுத்துதான் போனில் சொன்னார். ஜெசிந்தா இதைச் சொல்லவே இல்லை. சாலை எங்கெங்கே மோசம் என்று மட்டும் சொன்னார், அடுத்த லோடுக்கு உதவும் என்று.

நவம்பர் 4, செவ்வாய்

ஒரு நாள் முன்னதாகவே சரக்கு வந்துவிட்டது. முழு ஆர்டர். இடைப்பட்ட நாட்களில் வேலுச்சாமியைத் தவிர வேறு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முதல் வேலையாகப் பாவாயம்மாள் வீட்டுக்கு இருபத்தைந்து பெட்டி ஏற்றினோம். அந்த மகன் முதலாளிக்குப் போன் செய்து, அம்மா சந்தோஷமாக இருக்கிறார் என்றாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

சாஃப்ட்வேர்காரர்கள் வந்தார்கள். ஜெசிந்தா இரண்டு மாற்றம் கேட்டு வாங்கினார். நோயாளி எங்கே வாங்கினாலும் அவர் வீடு இருக்கும் மாவட்டத்துக் குடோன் கணக்கில் சேர வேண்டும். குடோனில் சரக்கு இல்லாத நாட்களை விற்பனைக் கணக்கில் எடுக்கக் கூடாது. புது விகிதம் திரையில் வந்தது. அவர் கையால் அடித்த பங்குக்கு மிக அருகில் வந்திருந்தது. முதலாளி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லார் முன்னாலும் ஜெசிந்தாவைப் பார்த்துக் கைகூப்பினார். நான் அவரிடம் வேலை செய்யும் இத்தனை வருஷத்தில் பார்க்காதது.

மற்றவர்கள் போன பிறகு ஜெசிந்தா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். முதலாளி உளறியிருக்கிறார் போல.

"போன மாசம் என் போஸ்ட்ட உங்களுக்குத் தரேன்னு சொன்னாராமே. வேணாம்னுட்டீங்களாம்."

முழங்கால் வலி என்றேன்.

"நிஜமா சொல்லுங்க சார்."

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பதில் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முதலாளியிடம் மறுத்த அன்று அதற்கு இவ்வளவு தெளிவான காரணம் இருக்கவில்லை. மறுநாள் காலை கிடைத்தது.

"வேலுச்சாமிகிட்ட இருபது பெட்டி இருக்குன்னு நான் எழுதினேன். அந்த இடத்துல நான் உக்காந்திருந்தா, நான் எழுதினதை நானே நம்பியிருப்பேன். நீங்க நம்பலம்மா."

அவர் எழுந்து போய் இரண்டு டம்ளரில் டீ வாங்கி வந்து ஒன்றை என் முன்னால் வைத்தார். குடிப்பதற்குள் கரூர் லாரி ஹாரன் அடித்தது. டீயைக் கையில் எடுத்துக்கொண்டே இருவரும் இறங்கிப் போனோம்.